சோஃபாவுக்கு அடியில ஒரு ஃபோன்: த்ரில்லர் படம் எப்படி வேலை செய்யுது?

முதல்ல ஒரு சீன் சொல்றேன், இத மனசுல வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் இதையேதான் திருப்பித் திருப்பிப் பாக்கப் போறோம். ஹீரோயினோட அக்கா காணாமப் போயிட்டா. ஹீரோயினுக்கு ஒரு ஆள் மேல சந்தேகம். அவன் வெளிய போன நேரம் பாத்து அவன் வீட்டுக்குள்ள நுழையுறா, அலமாரி, மேஜை, கட்டிலுக்கு அடியிலன்னு ஒவ்வொரு இடமா தேடுறா, நடுவுல சுவர்க்கடிகாரம் கரகரன்னு எட்டு மணி அடிக்குது, திடுக்குன்னு நிமிர்ந்து பாத்துட்டு மறுபடி தேடுறா, கடைசியில அக்காவோட வளையல் ஒண்ணு கிடைக்குது. எடுத்துக்கிட்டு வெளிய வந்துடுறா. ஆனா ஹால்ல குனிஞ்சு தேடுனப்போ அவ ஃபோன் பையிலருந்து நழுவி சோஃபாவுக்கு அடியில போயிடுச்சு, அது அவளுக்குத் தெரியாது. அவ போய் கொஞ்ச நேரம் கழிச்சு அந்த ஆளு வீட்டுக்கு வர்றான், அதே சோஃபால உக்காந்து ஷூவக் கழட்டுறான்.

இப்ப ஒரே ஒரு கேள்வி. ஃபோன் விழுந்தத படம் பாக்குற நமக்குக் காட்டுனாங்களா இல்லையா?

காட்டலன்னு வச்சுக்குவோம். அவன் பாட்டுக்கு உக்காந்திருக்கான், நமக்கும் கொஞ்சம் போரடிக்குது, திடீர்னு காலுக்கு அடியில ஃபோன் அடிக்குது, நாமளும் தூக்கிவாரிப் போட்டு எந்திரிக்கிறோம். நல்ல அதிர்ச்சிதான், ஆனா ரெண்டு செகண்ட்ல தீந்துபோச்சு. இப்ப காட்டிட்டாங்கன்னு வச்சுக்கோங்க, அதுக்கப்புறம் அவன் ஷூ கழட்டக் குனியுறதே நமக்கு மூச்சு நின்னுபோற விஷயமாயிடும், அவன் கால நீட்டுனா பயம், ரிமோட் கீழ விழுந்தா பயம், அவன் ஒண்ணுமே பண்ணாம சும்மா உக்காந்திருந்தா அதவிட பயம். நடிகர் அதேதான், வீடும் அதேதான், நமக்கு முன்னாடியே ஒரு விஷயத்த சொல்லிட்டாங்க, அவ்ளோதான் வித்தியாசம்.

இத ரொம்பத் தெளிவா சொன்னவர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக். 1962ல பிரெஞ்சு இயக்குநர் ஃப்ரான்சுவா த்ரூஃபோ அவர உக்கார வச்சு நாள்கணக்குல பேட்டி எடுத்தார், அது பின்னாடி புத்தகமாவும் வந்துச்சு. அதுல ஹிட்ச்காக் சொல்ற உதாரணம் மேஜைக்கு அடியில இருக்குற குண்டு. ரெண்டு பேர் சாதாரணமா பேசிக்கிட்டிருக்காங்க, குண்டு இருக்குறது நமக்குத் தெரியாம வெடிச்சா 15 செகண்ட் அதிர்ச்சி, முன்னாடியே தெரிஞ்சுட்டா 15 நிமிஷம் சஸ்பென்ஸ். தெரிஞ்சுட்டா அந்த வெட்டிப் பேச்சையே நம்மளால சும்மா கேட்டுக்கிட்டு இருக்க முடியாது, “பேச்ச விடுங்கய்யா, கீழ பாருங்க”ன்னு கத்தத் தோணும்.

என்னப் பொறுத்தவரைக்கும் த்ரில்லருக்கு அடிப்படையே இதுதான். யாருக்கு என்ன தெரியும், எப்ப தெரியும்ங்கிற கணக்கு. கேமரா, சவுண்ட், எடிட்டிங், ட்விஸ்ட்டுன்னு நாம கேள்விப்படுற எல்லா டெக்னிக்கும் இந்தக் கணக்க ஏத்தி இறக்குறதுக்கான கருவிங்கதான். இது ஒருதடவ பிடிபட்டுட்டா எந்தப் படத்தையும் பிரிச்சுப் பாக்கலாம்.

மிஸ்டரி, த்ரில்லர், ஹாரர் மூணையும் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க, அதையும் இங்கயே சொல்லிடுறேன். மிஸ்டரியில கேள்வி பின்னாடி பாக்குது, என்ன நடந்துச்சு, யார் பண்ணாங்கன்னு. த்ரில்லர்ல கேள்வி முன்னாடி பாக்குது, அடுத்து என்ன ஆகும், தப்பிப்பாங்களான்னு. ஹாரர்ல பயம்தான் சாப்பாடே, எதிர்ல இருக்குறது பல நேரம் நம்ம புத்திக்கு எட்டாத ஒண்ணா இருக்கும். நிஜத்துல படங்க இந்தக் கோட்ட மதிக்காது, கலந்துதான் வரும். தமிழ்ல 1954ல எஸ். பாலச்சந்தர் எடுத்த ‘அந்த நாள்’ படத்துல ஆரம்பத்துலயே சிவாஜி சுடப்பட்டு செத்துடுவார், மிச்சப் படம் பூரா யார் சுட்டதுங்கிற விசாரணை, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பக்கத்துக் கதைய சொல்லுவாங்க. இது சுத்தமான மிஸ்டரி கட்டமைப்பு. அதுல ஒரு பாட்டு கூட கிடையாது, அந்தக் காலத்துல அது எவ்ளோ பெரிய துணிச்சல்னு யோசிச்சுப் பாருங்க, பாட்டு வந்தா சந்தேகம் ஆறிப்போயிடும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு.

இதுக்கு நேர் எதிரா ‘பாபநாசம்’, அதாவது மலையாள ‘த்ரிஷ்யம்’ படத்தோட தமிழ். அங்க கொலை நம்ம கண்ணு முன்னாடியே நடக்குது, யாரு, எதுக்குன்னு எல்லாம் தெரியும், அதனால போலீஸ் வீட்டுக்குள்ள வந்தாலே நமக்கு வயித்தக் கலக்குது. ஆனா டைரக்டர் ஜீத்து ஜோசஃப் ஒரே ஒரு விஷயத்த மட்டும் கையில மூடி வச்சுக்கிட்டு கடைசி நிமிஷத்துலதான் தொறக்குறார், உடம்பு எங்க இருக்குன்னு. முக்காவாசி நமக்குக் குடுத்து ஒரு துண்டு மட்டும் நம்மகிட்டருந்து மறைச்சதாலதான் அந்த முடிவு அப்படி அடிக்குது. எவ்ளோ குடுக்கணும் எவ்ளோ மறைக்கணும்ங்கிறதுக்கு இதவிட நல்ல பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

சரி, கேமராவுக்கு வருவோம். கேமரான்னா காட்டுறதுன்னு நினைக்கிறோம், த்ரில்லர்ல அது பாதி நேரம் மறைக்குறதுக்குத்தான். நம்ம சோஃபா சீனையே எடுத்துக்கோங்க. கேமராவத் தரையோட தரையா வச்சா, முன்னாடி பெருசா ஃபோன், பின்னாடி மங்கலா அவனோட ரெண்டு கால், அவன் முகமே ஃப்ரேம்ல இல்ல. முகம் தெரியாததால அவன் கவனிச்சானா இல்லையான்னு நமக்குத் தெரியாது, காலோட சின்ன அசைவையே படிக்க ஆரம்பிச்சுடுறோம். அதே சீன அவன் முகத்துக்கு க்ளோசப் போட்டு எடுத்தா வேற மாதிரி, கண்ணு ஒரு செகண்ட் கீழ போயிட்டு வந்தா போதும். ஆளு ஃப்ரேம்ல ஒரு ஓரமா நிக்க, மிச்ச இடம் பூரா காலியா இருந்தா நம்ம கண்ணு தானா அந்தக் காலி இடத்தையே பாக்கும், அங்கருந்து எதோ வரப்போகுதுன்னு. வரலன்னாலும் பரவால்ல, வேலை முடிஞ்சுது. நிழலும் இருட்டும் அதே வேலையத்தான் பண்ணுது, பாதி முகத்துல மட்டும் வெளிச்சம் விழுந்தா மீதிப் பாதிய நம்ம பயமே வரைஞ்சுக்கும். அப்புறம் 1958ல ‘வெர்டிகோ’ படத்துல பண்ண ஒரு வித்தை இருக்கு, கேமரா ஒரு பக்கம் நகர ஜூம் அதுக்கு எதிர்ப்பக்கம் போகும், ஆளு அப்படியே இருக்க பின்னணி மட்டும் இழுபடும், உயரத்தப் பாத்துத் தலை சுத்துற உணர்வக் காட்டுறதுக்காகப் பண்ணது, இன்னைக்கு வரைக்கும் டைரக்டர்ங்க விடாமப் பயன்படுத்துறாங்க. டாலி ஜூம்னு சொல்லுவாங்க.

எடிட்டிங்ல முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியது குலெஷோவ்னு ஒரு ரஷ்யக்காரர் நூறு வருஷத்துக்கு முன்னாடி பண்ண பரிசோதனை. ஒரு நடிகரோட ஒரே முகம், எந்த உணர்ச்சியும் இல்லாத முகம், அத ஒரு சூப் கிண்ணத்துக்குப் பக்கத்துல ஒட்டுனா பசின்னு தெரியுது, சவப்பெட்டி பக்கத்துல ஒட்டுனா சோகம்னு தெரியுது. முகம் மாறவே இல்ல, பக்கத்து ஷாட்தான் மாறுச்சு. அப்படின்னா நம்ம வில்லன் ஒண்ணும் பெருசா நடிக்கவே வேணாம், அவன் சும்மா டிவி பாக்குற முகத்தையும் சோஃபாவுக்கு அடியில இருக்குற ஃபோனையும் மாத்தி மாத்திக் காட்டுனா அவன் முகமே நமக்கு பயங்கரமாத் தெரியும்.

அப்புறம் ரெண்டு இடத்துல ஒரே நேரத்துல நடக்குறத மாத்தி மாத்தி வெட்டிக் காட்டுறது. ஹீரோயினோட அம்மா தினமும் ராத்திரி 9 மணிக்குக் கூப்பிடுவாங்கன்னு முன்னாடியே ஒரு வசனத்துல சொல்லி வச்சிருக்கோம்னு வைங்க. இப்ப அம்மா கையக் கழுவிட்டு ஃபோன எடுக்குறாங்க, கட், அவன் டிவிய ஆஃப் பண்றான், வீடே அமைதியாயிடுது, கட், அம்மா கண்ணாடியத் தேடுறாங்க, கட், அவன் ஃபேனையும் நிறுத்திட்டான். அம்மா கண்ணாடியத் தேடுறதப் பாத்து நாம பயப்படுறோம் பாருங்க, இதுதான் எடிட்டிங்.

இந்த டெக்னிக்க வச்சே நம்மள ஏமாத்தவும் செய்யலாம். 1991ல வந்த ‘சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்’ படத்த இன்னும் பாக்காதவங்க இந்தப் பத்திய விட்டுட்டுப் போயிடுங்க. அதுல போலீஸ் படை ஒரு வீட்ட வளைக்குது, காலிங் பெல் அடிக்குறாங்க, உள்ள கொலைகாரன் வீட்டுல மணி அடிக்குது, அவன் வந்து கதவத் தொறக்குறான், வெளிய நிக்கிறது படை இல்ல, தனியா வந்த ஹீரோயின். ரெண்டும் வேற வேற வீடு. மாத்தி மாத்திக் காட்டுனா ஒரே இடம்னு நாமளே நினைச்சுக்குவோம்ங்கிற பழக்கத்த வச்சே நம்மளக் கவுத்துட்டாங்க, படத்துல யாரும் ஒரு பொய்யும் சொல்லல. அந்தக் கதவு தொறக்குற நொடியில அவ கூட யாருமே இல்லன்னு நமக்கு உறைக்கும் பாருங்க, எத்தன தடவ பாத்தாலும் எனக்கு உடம்பு சில்லுன்னு ஆகும்.

சவுண்டப் பத்தி நான் கொஞ்சம் அதிகமாவே பேசுவேன், ஏன்னா படத்த விமர்சனம் பண்றப்போ இதத்தான் எல்லாரும் கடைசியில ஒரு வரியில முடிச்சுடுறாங்க. 1931லயே, படங்க பேச ஆரம்பிச்ச புதுசுல, ஃப்ரிட்ஸ் லாங் ‘எம்’னு ஒரு படம் எடுத்தார், அதுல குழந்தைங்களக் கொல்றவன் ஒரு ட்யூன விசிலடிச்சுக்கிட்டே வருவான். கொலைகாரன ஃப்ரேம்ல காட்டவே வேணாம், விசில் கேட்டா போதும். கடைசியில அவன அடையாளம் கண்டுபிடிக்கிறது கண்ணு தெரியாத ஒரு பலூன் வியாபாரி, அந்த விசில வச்சே. சவுண்டையே துப்பா மாத்திட்டார் மனுஷன்.

1975ல ‘ஜாஸ்’. மெஷின்ல செஞ்ச சுறா கடல் தண்ணில அடிக்கடி மக்கர் பண்ணிடுச்சு, அதனால ஸ்பீல்பெர்க் ரொம்ப நேரத்துக்கு சுறாவ முழுசா காட்டாம, ஜான் வில்லியம்ஸோட அந்த ரெண்டே ரெண்டு ஸ்வரத்த வச்சு அது வர்றதச் சொல்லிட்டார். இதுல நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு இருக்கு. நடுவுல ரெண்டு பசங்க பொய்யா ஒரு சுறாத் துடுப்பக் கட்டிக்கிட்டு எல்லாரையும் பயமுறுத்துவாங்க, அப்ப அந்த இசை வராது. அதாவது இசை நம்மகிட்ட உண்மையத்தான் சொல்லுது, இசை வந்தா சுறா உண்டு, வரலன்னா இல்ல. இந்த ஒப்பந்தம் நம்ம மண்டையில நல்லா ஏறுனதுக்கு அப்புறம் ஒரு இடத்துல எந்த இசையும் இல்லாம சுறா தண்ணிக்கு மேல தலையத் தூக்கும். அங்கதான் தியேட்டரே அலறும்.

இதனாலதான் எல்லா இடத்துலயும் டமார் டமார்னு பேக்ரவுண்ட் மியூசிக் போடுற படங்க மேல எனக்கு வருத்தம். ஒவ்வொரு கதவு தொறக்குறதுக்கும் ஆபத்துன்னு இசை கத்துனா, நிஜமா ஆபத்து வர்றப்போ சொல்றதுக்கு மிச்சம் என்ன இருக்கும்? 1960ல ‘சைக்கோ’ படத்துல பாத்ரூம் கொலை சீனுக்கு இசையே வேணாம்னுதான் ஹிட்ச்காக் முதல்ல சொல்லியிருந்தார், இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின் மாதிரி தந்திக் கருவிங்கள மட்டும் வச்சு ஒண்ணு போட்டுக் காட்டுனதும் மனச மாத்திக்கிட்டார். இசை போடணுமா வேணாமான்னே இவ்ளோ யோசிச்சிருக்காங்கங்கிறதுதான் எனக்கு இதுல பிடிச்ச விஷயம். நம்ம சீனுக்கு நான் இசையே போட மாட்டேன். ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம், ஃபேன் சத்தம், கடிகாரம். ஃப்ரிட்ஜ் டக்குன்னு நிக்கும் பாருங்க, அப்ப வர்ற அமைதி இருக்கே, அது எந்த வயலினுக்கும் குறைஞ்சது இல்ல.

அதே ‘சைக்கோ’ இன்னொரு பெரிய விஷயத்தையும் பண்ணுச்சு. ஜேனட் லீதான் கதாநாயகின்னு நம்பி உக்காந்திருக்கோம், அவ திருடுன பணம், அவ பயம், அவ கூடவே கார்ல போறோம், படம் பாதிகூட வரல, அவ செத்துடுறா. ஹீரோ, ஹீரோயின் சாக மாட்டாங்கங்கிறது படம் பாக்குறவங்களுக்கு இருக்குற கடைசிப் பாதுகாப்பு, அத உருவிட்டா அதுக்கப்புறம் யாருக்கு வேணாலும் என்ன வேணாலும் நடக்கலாம். படம் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் யாரையும் தியேட்டருக்குள்ள விடக்கூடாதுன்னு அப்ப ஒரு விதியே போட்டு அத விளம்பரமும் பண்ணாங்க. லேட்டா வர்றவன் ஹீரோயின் எங்கன்னு தேடிக்கிட்டு இருப்பான்ல.

ஹீரோ பலவீனமா இருக்கணும்ங்கிறதும் இதோட சேந்ததுதான். பத்து பேர ஒத்தக் கையில அடிக்கிறவன் ஒரு ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டா நாம ஏன் கவலைப்படணும்? அந்த ரூமுக்குள்ள இருக்குறவங்களுக்காகத்தான் கவலைப்படணும். த்ரில்லருக்கு சாதாரண ஆள் வேணும், ஆனா முட்டாள் வேணாம். பேஸ்மெண்ட்டுக்குத் தனியாப் போறாங்கன்னா போறதுக்கு ஒரு காரணம் இருக்கணும், நம்ம ஹீரோயின் அந்த வீட்டுக்குள்ள போனது அக்காவுக்காக, அதனால நாம அவள மன்னிச்சுடுறோம், அவ இடத்துல இருந்தா நாமளும் போயிருப்போம்னு தோணுது. வில்லனும் அறிவாளியா இருக்கணும், அவன் எவ்ளோ உஷாரோ அவ்ளோ உயரத்துக்குத்தான் படம் போகும். கடைசியில அவனுக்கு சின்ன வயசுல என்ன ஆச்சுன்னு 20 நிமிஷம் ஃப்ளாஷ்பேக் போட்டு நிறுத்தி நிதானமா விளக்குறது வேணவே வேணாம்ங்கிறது என் கருத்து, அவ்ளோ நேரம் இழுத்துக் கட்டுன கயித்த நாமளே அவுத்து விடுற மாதிரி ஆயிடும்.

நேரக் கெடு பத்தி ரொம்ப விளக்கத் தேவையில்ல, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ‘ஸ்பீட்’ல பஸ் 50 மைல் வேகத்துக்குக் கீழ போனா குண்டு வெடிக்கும், ஒரே வரி, அத வச்சு முழுப் படம். நம்ம சீன்ல 9 மணிதான் கெடு.

ஹிட்ச்காக் பிரபலமாக்குன இன்னொரு வார்த்தை மக்கஃபின். கதையில எல்லாரும் எதுக்காக உயிரக் குடுத்து ஓடுறாங்களோ அந்தப் பொருள், ரகசிய ஃபைலோ, வைரமோ, பெட்டியோ. அவங்களுக்கு அது உயிர், நமக்கு அது எதுவா இருந்தாலும் ஒண்ணுதான், நமக்கு ஓட்டம்தான் முக்கியம். நம்ம கதையில வளையல் கிட்டத்தட்ட அதுதான், ஆனா அக்காவோடதுங்கிறதால கொஞ்சம் பாரம் இருக்கு. நான் எழுதுனா பாரம் இருக்குற பொருளத்தான் வைப்பேன்.

திசை திருப்புறதுக்கு ரெட் ஹெர்ரிங்னு பேரு. சந்தேகப்படுற மாதிரி ஒருத்தர உலவ விட்டு உண்மையான ஆளப் பின்னாடி மறைச்சு வைக்கிறது. இதுல ஒரு நாணயம் இருக்கு. அந்த ஆளு சந்தேகமா நடந்துக்கிட்டதுக்கு அவருக்குன்னு ஒரு சொந்தக் காரணம் பின்னாடி தெரியவரணும், சும்மா நம்மள ஏமாத்துறதுக்காகவே கேமராவப் பாத்து முறைச்சிருக்கக் கூடாது. ட்விஸ்ட்டுக்கும் அதே நாணயம்தான். நல்ல ட்விஸ்ட்டா இல்லையான்னு தெரிஞ்சுக்க ரெண்டாவது தடவ படத்தப் பாருங்க, முதல் தடவ கவனிக்காம விட்ட துப்பெல்லாம் கண்ணு முன்னாடியே கிடந்துச்சுன்னு தெரிஞ்சா நல்ல ட்விஸ்ட். இதுவரைக்கும் வராத ஒருத்தர் கடைசி ரீல்ல வந்து நான்தான் பண்ணேன்னு நின்னா, அது ட்விஸ்ட்டே இல்ல.

துப்ப முன்னாடியே விதைக்கிறதுதான் இதுல கஷ்டமான வேலை. காட்டவும் செய்யணும், காட்டுறோம்னு தெரியவும் கூடாது. அதுக்கு ஒரு வழி, அந்த நேரத்துல அதுக்கு வேற ஒரு வேலை குடுத்துடுறது. முதல் பத்தியில நான் ஒரு சுவர்க்கடிகாரம் சொன்னேன், ஞாபகம் இருக்கா? கரகரன்னு எட்டு மணி அடிச்சுது, அவ திடுக்கிட்டா. அவள பயமுறுத்தத்தான் வச்சேன்னு நினைச்சு நீங்க தாண்டி வந்திருப்பீங்க.

இப்ப ஃபோன் விஷயத்துக்கு வர்றேன். செல்ஃபோன் வந்ததுக்கு அப்புறம் த்ரில்லர் எழுதுறவங்களுக்குப் பெரிய தலைவலி, ஆபத்துன்னா உடனே கூப்பிட்டுடலாமே. அதனால சிக்னல் இல்ல, சார்ஜ் இல்லன்னு கொண்டு வந்துடுறாங்க, பத்துல எட்டுப் படத்துல அதேதான், அது சோம்பேறித்தனம். ஃபோன இல்லாமப் பண்றதவிட ஃபோனையே ஆபத்தா மாத்துறது நல்லது.

மணி 9 ஆகப் போகுது. ஹீரோயின் தோழி வீட்டுக்கு வந்துட்டா. அம்மா கூப்பிடுற நேரம்னு பையில கைய விடுறா, ஃபோன் இல்ல. டாக்ஸியில விட்டுட்டோம்னு நினைக்கிறா. நாம என்ன பண்ணுவோமோ அதத்தான் அவளும் பண்றா, தோழியோட ஃபோன வாங்கி தன் நம்பருக்கே அடிக்கப் போறா. அம்மா கூப்பிடுவாங்கன்னு இவ்ளோ நேரம் பயந்தோம், ஆனா மாட்டி விடப் போறது அவளேதான். “அடிக்காத, அடிக்காத”ன்னு தியேட்டர்ல நாலு பேராவது சொல்லுவாங்க.

ரிங் போகுது. இங்க நான் வில்லன் வீட்டுக்குப் போக மாட்டேன், அவ முகத்துலயே கேமராவ வச்சிருப்பேன், ரிங் சத்தம் மட்டும். மூணு ரிங், நாலு ரிங், யாரோ எடுத்துட்டாங்க. “ஹலோ அண்ணா, அது என் ஃபோன், உங்க டாக்ஸியிலதான் விட்டுட்டேன்னு நினைக்கிறேன்”ங்கிறா. எதிர்ப்பக்கம் பதில் இல்ல, மூச்சு மட்டும். “ஹலோ?” அப்ப அந்தப் பக்கத்துலருந்து சுவர்க்கடிகாரம் அடிக்க ஆரம்பிக்குது, கரகரன்னு, ஒண்ணு, ரெண்டு, மூணு. அவ முகம் மெல்ல மாறுது. ஒன்பது அடிச்சு முடியுற வரைக்கும் அவ ஃபோன வைக்கல, அவனும் வைக்கல.

ஃபோன் எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, யாரோ வீட்டுக்குள்ள வந்துட்டுப் போயிருக்காங்கன்னு அவனுக்கும் தெரிஞ்சுபோச்சு, நம்மகிட்ட மட்டும் இருந்த ரகசியம் இப்ப ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு, பழைய சஸ்பென்ஸ் இந்த இடத்தோட தீந்துடுச்சு. அதனால உடனே புதுசா ஒண்ணு குடுத்தாகணும். அவ பயந்துபோய் லைன கட் பண்றா. இப்பதான் கேமரா அவன் வீட்டுக்குப் போகுது. அவன் கையில ஃபோன், திரையில ஃபோட்டோ, அக்காவும் தங்கச்சியும் தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. தான் யாருன்னு அவனுக்குத் தெரியாது, தப்பிச்சுட்டோம்னு அங்க அவ தோழிகிட்ட அழுதுக்கிட்டிருக்கா. இங்க அவன் அந்த ஃபோட்டோவ விரல வச்சுப் பெருசு பண்ணி, தங்கச்சி முகத்தப் பாக்குறான். இது நமக்கு மட்டும்தான் தெரியும்.